பல்லில்லாத மாமா

என் வாய்க்குள் சதை வளர்ந்ததற்குக் காரணம் என் பல்செட்தான் என்று டாக்டரம்மா சொன்னார். அந்தப் பல்செட்டை ராத்திரி பகல் கழற்றாமல் வைத்திருந்ததற்குக் காரணம் என் மனைவி என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவளைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகியிருக்கும். பழக்கதோஷம் என்று சொல்லி வைத்தேன்.

நான் மர வேலை செய்கிறவன். கதவு, ஜன்னல், நிலை, இதுதான் என் பிழைப்பு. இப்போது முதுகு ஒத்துழைக்காததால் வீட்டை ஒட்டியே ஒரு தகரக் கொட்டகை போட்டுக்கொண்டு, ஆடுகிற நாற்காலிக்குக் கால் வைப்பது, நிலையில் சிக்கிப் பிடிக்கிற கதவை இழைத்துக் கொடுப்பது என்று காலம் ஓடுகிறது. என் மனைவியை நான் வாயாடி என்றுதான் கூப்பிடுவேன். ஆஸ்பத்திரியில் அவள் பெயரைக் கேட்டால் ஒரு நொடி யோசித்துத்தான் சொல்லுவேன், அந்த அளவுக்கு அந்தப் பெயர் ஒட்டிப்போய்விட்டது. பேச ஆரம்பித்தால் பால் பொங்கி வழிந்தது கூடத் தெரியாமல் பேசுவாள்.

அவளுடைய ஞாபகம் ஒரேயடியாகப் போகவில்லை. முதலில் எதிர்வீட்டு டீச்சரின் பெயர் போனது. பிறகு அடுப்பை அணைக்கிற பழக்கம் போனது. பிறகு எங்கள் ஒரே மகள் போனாள். மகள் வந்து எதிரில் உட்கார்ந்தால், "யாரும்மா நீ, எந்த ஆபீஸ்லேர்ந்து வர்ற?" என்று கேட்பாள். மகள் சிரித்துக்கொண்டே ஏதோ ஒரு ஆபீஸைச் சொல்லிவிட்டு, கொட்டகைக்கு வந்து மரச்சுருள்களுக்கு நடுவில் உட்கார்ந்து அழுவாள். என்னை மட்டும் வாயாடி மறக்கவில்லை. அதில் எனக்குள்ளே ஒரு பெருமை இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும். உலகத்தையே கைகழுவியவள் என்னைப் பார்த்தால் மட்டும், "என்ன மாமா, சாப்பிட்டியா?" என்பாள். எனக்கு அது போதும்.

ஒரு மத்தியானம் பல்செட்டைக் கழற்றித் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டுவிட்டுக் கண்ணயர்ந்திருந்தேன். மேலும் கீழும் எனக்கு ஒரு பல் கூடக் கிடையாது. கழற்றினால் கன்னம் இரண்டும் உள்ளே போய்விடும், மூக்கும் முகவாயும் ஒன்றையொன்று விசாரிக்க வந்துவிடும். நான் விழித்தபோது அவள் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரோடு சுவராக நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.  "எங்க மாமா எங்க?" என்றாள். கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்கு ஓடினேன். பல்லை மாட்டிக்கொண்டு வந்ததும் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். வெகுநேரம் விடவில்லை. அன்றிலிருந்து கழுவுவதற்கு மட்டும்தான் கழற்றுவேன், அதுவும் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு.

பல்செட் பழசு. ஈறு சுருங்கிச் சுருங்கி, செட் ஒரு பக்கமும் வாய் ஒரு பக்கமுமாகப் போய்க்கொண்டிருந்தது. தும்மினால் கையை முன்னால் நீட்டிக்கொண்டு தும்ம வேண்டும். பசை போட்டு ஒட்டினேன். அப்புறம் ஓரம் குத்த ஆரம்பித்தது. கதவு பிடித்தால் என்ன செய்கிறோம், பிடிக்கிற இடத்தை இழைக்கிறோம். இதற்குப் போய் டாக்டர் எதற்கு என்று நைஸ் உப்புத்தாளை எடுத்து ஓரத்தைத் தேய்த்தேன். நான்கு நாள் சுகமாக இருந்தது. பிறகு அதற்குப் பக்கத்தில் குத்தியது. அதையும் தேய்த்தேன். அப்படியே தேய்த்துத் தேய்த்து மேல்செட்டின் முன்பக்க ஓரம் மரச்சீவல் மாதிரி மெலிந்துவிட்டது. மெலிந்தது இன்னும் நன்றாக அறுத்தது.

அப்போதுதான் நாக்குக்குப் புதிதாக ஒன்று தட்டுப்பட்டது. மேலுதட்டுக்கு உள்ளே, ஈறுக்கும் உதட்டுக்கும் நடுவில், இன்னொரு உதடு முளைத்த மாதிரி ஒரு மடிப்பு. மெத்தென்று இருந்தது. வலியில்லை, அதுதான் பயமாக இருந்தது. வலிக்காமல் வளர்கிற எதைப் பற்றியும் நான் நல்லதாகக் கேள்விப்பட்டதில்லை. கண்ணாடியில் உதட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு உடனே விட்டுவிட்டேன். பார்க்காவிட்டால் இல்லை என்று ஆகிவிடுமா, ஆகாதுதான். ஆனாலும் பார்க்கவில்லை. பிறகு அந்த மடிப்புக்குப் பக்கத்தில் இன்னொரு மடிப்பு வந்தது. செட்டின் ஓரம் இரண்டுக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டது. கழுவும்போது ரத்தம் வந்தது.

கண்டுபிடித்தது மகள்தான். உதடு வீங்கியிருப்பதைப் பார்த்துவிட்டு, "அப்பா, வாயைத் திற" என்றாள்.

"நான் என்ன மாடா, பல்லப் பார்த்து விலை பேசப்போறியா?"

"பேச்ச மாத்தாத. பக்கத்துல வந்தாலே வாடை அடிக்குது. அம்மாவுக்கு மறதி, அதனால சொல்லல. எனக்கு மறதி இல்ல."

மகள் என்னை இழுத்துக்கொண்டு போனாள். எதிர்வீட்டு டீச்சர் வந்து வாயாடியோடு உட்கார்ந்துகொண்டார்.

பல் டாக்டரம்மாவுக்கு என் மகளை விட வயது குறைவாக இருக்கும். குரல் மட்டும் தலைமையாசிரியர் குரல். நாற்காலியில் சாய்த்து, விளக்கைத் திருப்பி, பல்செட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். விரலால் ஓரத்தைத் தடவிப் பார்த்தார்.

"இத யாரு இப்படித் தேச்சது?"

"நான்தான்."

"எதால?"

"உப்புத்தாள். நைஸ்தான். எங்க கொட்டாய்ல கதவுக்குப் போடறது."

"நான் என்னைக்காவது உங்க கொட்டாய்க்கு வந்து கதவ எப்படி இழைக்கணும்னு சொல்லியிருக்கேனா?"

மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரிக்கிறாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

டாக்டரம்மா ஒரு சின்னக் கண்ணாடியைக் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். தப்பிக்க வழியில்லை. சிவப்பாக இரண்டு மடிப்பு, நடுவில் பள்ளம். பள்ளத்தின் அடியில் வெள்ளையாக ஒரு புண். "பல்செட் சரியா உட்காரல. ஆடி ஆடி ஒரே இடத்துல உரசியிருக்கு. உரசுன இடத்துல உடம்பு சதைய வளர்த்துக்கிட்டே போகும். நீங்க ராத்திரியும் கழட்டல, அதுக்கு ஓய்வே இல்ல" என்றார். வேலிக்கம்பியைக் கட்டிவிட்ட மரத்தை அறுத்திருக்கிறேன். கம்பி வெளியில் தெரியாது. மரம் அதன் மேல் வளர்ந்து மூடிக்கொண்டிருக்கும், வாள் போய் மோதும்போதுதான் தெரியும். எனக்குப் புரிந்துவிட்டது.

"கேன்சரா?" என்று கேட்டேன். மகள் கேட்கப் பயந்துகொண்டிருந்தாள், அதனால் நானே கேட்டேன்.

"பார்த்தா அப்படித் தெரியல. ஆனா நான் பார்த்துச் சொல்றது போதாது. வெட்டி எடுத்து டெஸ்டுக்கு அனுப்பணும்." பிறகு வரிசையாகச் சொன்னார். முதலில் சில வாரம் பல்செட் போடவே கூடாது, வீக்கம் வற்ற வேண்டும். அப்புறம் வெட்டு. வெட்டின இடம் ஆற வேண்டும். அதற்கப்புறம்தான் புது செட்டுக்கு அளவு எடுப்பது.

"பகல்ல மட்டும் போட்டுக்கறேன்" என்றேன். "அவ முழிச்சிருக்கிற நேரம் மட்டும்."

"யாரு?"

மகள் சொல்லிவிட்டாள். அம்மாவின் மறதி, அந்த மத்தியானம், எல்லாம். டாக்டரம்மாவின் குரல் தணிந்தது. "பழைய செட்டுக்கு உள்ள மெத்துன்னு ஒண்ணு வச்சுக் கொடுக்கலாம். கொஞ்ச நேரம் போட்டுக்கலாம். ஆனா அதை வைக்க ஓரம் வேணும். நீங்க ஓரமே விடலயே" என்று செட்டைக் காட்டினார். நடுவில் முடி மாதிரி ஒரு விரிசல் ஓடியிருந்தது. என் கையால் தேய்த்து மெலியவைத்தது. 

போடக் கூடாது என்று அவர் சொன்னதை நான் கேட்டேனா, கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் மாட்டிக்கொண்டேன். மறுநாள் காலையில் ரொட்டியைக் கடித்தபோது மேல்செட் இரண்டாக உடைந்தது. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு கொட்டகைக்கு வந்து, மரம் ஒட்டுகிற பசையை எடுத்து ஒட்டி, இடுக்கியில் இறுக்கி வைத்தேன். மேசைக்காலை ஒட்டுகிற மாதிரிதான். மகள் வந்து பார்த்துவிட்டாள்.

"மரப்பசைய வாய்க்குள்ள வைக்கப்போற முதல் ஆள் நீதான்" என்று இடுக்கியோடு பிடுங்கிக்கொண்டாள்.

"கொடு இப்படி. அவ என்னைத் தேடுவா."

"தேடட்டும்."

"அவளுக்கு என்னை மட்டும்தான் தெரியும். அதுவும் போயிட்டா அவளுக்கு யாரு இருக்கா?"

"என்னை மறந்து எவ்வளவு நாளாச்சு. நான் செத்தா போயிட்டேன்?" என்றாள் மகள்.  "உனக்கு ஏதாவது ஆச்சுன்னா, என்னையே தெரியாத அம்மாவை நான் ஒத்தையா வச்சுக்கணுமா? வேண்டாம்பா. கழட்டு. கொஞ்ச நாள்தானே. புதுசு வந்ததும் மாட்டிக்கிட்டுப் போய் நில்லு, தெரிஞ்சுக்குவா."

கொஞ்ச நாள்தானே என்ற அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன். கீழ்செட்டையும் கழற்றிக் கொடுத்தேன்.

முதலில் சில நாள் துண்டால் தப்பித்தேன். மூக்குக்குக் கீழே சுற்றிக் கட்டிக்கொண்டு நடமாடினேன். "என்ன மாமா, பல்வலியா?" என்பாள். கண்ணை வைத்துக் கண்டுபிடித்துவிட்டாள். "ம்" என்பேன். தனியாகப் போய்ச் சாப்பிடுவேன். இப்படியே ஓட்டிவிடலாம் என்றுதான் இருந்தேன். ஒரு நாள் என் தட்டைப் பார்த்துவிட்டு, "ரெண்டு நாளா நீ எதுவுமே சாப்பிடல" என்று சொல்லிக்கொண்டு, சோற்றைக் குழையப் பிசைந்து எடுத்து வந்தாள். தன் பிள்ளையே யார் என்று தெரியாதவளுக்கு, எனக்குக் குழையப் பிசைய வேண்டும் என்று தெரிந்திருக்கிறது. நான் தலையை ஆட்டுவதற்குள் துண்டைக் கீழே இழுத்துவிட்டாள்.

என் முகத்தைப் பார்த்தாள்.  அலறவில்லை. சுவரோடு ஒட்டவில்லை.

"மாமா" என்றாள்.

அந்த நொடியில் எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. இத்தனை நாள் ஒளிந்து திரிந்தோமே, என்ன முட்டாள்தனம், பல் இல்லாவிட்டாலும் நான்தான் என்று அவளுக்குத் தெரிகிறதே என்று நினைத்தேன். அதற்குள் அவள் தட்டைக் கீழே வைத்தாள். எழுந்து நின்று சேலைத் தலைப்பைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"வாங்க மாமா. எப்ப வந்தீங்க?" என்றாள்.

என்னை அவள் ஒருநாளும் வாங்க என்றதில்லை.

எங்கள் வீட்டில் ஒரு காலத்தில் இரண்டு மாமா இருந்தோம். நான் ஒருவன், என் அப்பா ஒருவர். கட்டின புருஷனையும் மாமா என்பாள், மாமனாரையும் மாமா என்பாள். அடுப்படியிலிருந்து "மாமா" என்று குரல் வந்தால் நாங்கள் இருவரும் பாதி எழுந்து நிற்போம். மீதி வார்த்தை வந்தால்தான் யார் போக வேண்டும் என்று தெரியும். "வா" என்றால் நான். "வாங்க" என்றால் அப்பா. அப்பா இதை வைத்துக் கேலி செய்வார், "உனக்கு வா, எனக்கு ங்க. அந்த ங்க நான் சம்பாதிச்சது" என்பார். அப்பாவுக்குக் கடைசிக் காலத்தில் ஒரு பல் கூடக் கிடையாது. செட் கட்டிக்கொள்ள மாட்டேன் என்று பொக்கை வாயோடேயே போய்ச் சேர்ந்தார். நான் குளியலறைக்குப் போய்க் கண்ணாடியைப் பார்த்தேன். அவள் மேல் தப்பில்லை. அப்பாதான் நின்றுகொண்டிருந்தார்.

திரும்பி வந்தேன். "நான்தான்டி" என்றேன்.

சொல்லியிருக்கக் கூடாது. அவள் முகம் வெளிறிவிட்டது. மாமனார் வாயிலிருந்து டி என்று ஒரு வார்த்தை வந்தால் ஒரு மருமகள் என்னதான் செய்வாள். உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்தக் கதவு நான் போட்டது, நன்றாகப் பொருந்தும், இடுக்கு வழியாகக் கூட எதுவும் தெரியாது. அன்றைக்கு முழுவதும் சாப்பிடவில்லை. மகள் வந்துதான் வெளியே அழைத்துவந்தாள். "எங்க மாமனார் தங்கமான மனுஷன். இன்னைக்கு என்னமோ மாதிரி பேசறாரும்மா. வயசாயிடுச்சு, புத்தி தடுமாறுது போல" என்று அந்த ஆபீஸ்காரப் பெண்ணிடம் ரகசியமாகச் சொன்னாளாம். மகள் இதை என்னிடம் சொல்லும்போது சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. எனக்கும்தான்.

அப்புறம் நான் அப்பாவாகப் பேசக் கற்றுக்கொண்டேன். வேறு வழி இல்லை. "சாப்பிட்டியாம்மா" என்பேன். "வெயில்ல நிக்காதம்மா" என்பேன். அவள் கட்டிலில் உட்கார்ந்தால் நான் தள்ளி நாற்காலியில் உட்காருவேன். படுக்கையை முன்னறைக்கு மாற்றிக்கொண்டேன். கல்யாணம் ஆனதிலிருந்து அவள் பக்கத்தில் படுத்தவன், இப்போது அவள் தலைமுடி கலைந்திருந்தால் கூடத் தொட்டு ஒதுக்கிவிட முடியாது. அவளுக்கு அப்பா மேல் நல்ல பிரியம். நிறையப் பேசினாள். வாயாடி மறுபடியும் வாயாடியாகிவிட்டாள். பேசியதெல்லாம் என்னைப் பற்றித்தான்.

"உங்க மகன் வேலைக்குப் போனவரு இன்னும் வரல மாமா."

"வந்துடுவாம்மா. பெரிய வேலை எடுத்திருக்கான்."

"எதுக்கு இந்தப் பெரிய வேலை. ரெண்டு பேருக்கு என்ன செலவு. அவரு மூக்குக்கு மரத்தூள் ஆகாது, ராத்திரியெல்லாம் இருமுவாரு. நீங்க சொன்னாத்தான் கேப்பாரு."

மறுபடி கொஞ்ச நேரத்தில் அதே கேள்வி. அதே பதில். வாசல் கதவைத் திறந்து திறந்து பார்த்துவிட்டு வருவாள். ஒரு சாயங்காலம் அப்படிப் பார்த்துவிட்டு வந்து, நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"மாமா, உண்மையச் சொல்லுங்க. நான் ஏதாவது தப்பா பேசிட்டேனா? எனக்கு வாய் ஜாஸ்தின்னு எல்லாருக்கும் தெரியும். கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாரா?"

"இல்லம்மா. உன்மேல அவனுக்கு என்ன கோவம்."

"அப்ப ஏன் வரல?"

 கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருந்தேன். அவள் தேடுகிறவனும் நான், அவள் அழுவதைப் பார்த்துக்கொண்டு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவனும் நான். எனக்கு என் அப்பா மேல் ஆத்திரம் வந்தது. செத்துப்போன மனுஷன் மேல் பொறாமைப்படுவேன் என்று நான் நினைத்ததே இல்லை.

"வருவான். பல்லு கட்டப் போயிருக்கான். கட்டினதும் வந்துடுவான்" என்றேன். அதுதான் என்னால் சொல்ல முடிந்த நிஜம்.

வாய்க்குள் வெட்டினது பெரிய விஷயமாக இல்லை. ஊசி போட்டார்கள், மரத்துப்போனது, உதட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு அறுத்தார்கள், தையல் போட்டார்கள். மரத்துப்போன வாயோடு டாக்டரம்மாவிடம் புது செட் எப்போது என்று கேட்டேன். "முதல்ல இது ஆறட்டும், ஏன் இந்த அவசரம்" என்றார். எனக்கு ஏன் அவசரம் என்று அவருக்குத் தெரியும், தெரிந்துதான் அப்படிச் சொன்னார். அறுத்த சதையை ஒரு சின்னக் குப்பியில் போட்டு அனுப்பினார்கள். பதில் வந்தது. கேன்சர் இல்லை, வெறும் சதை வளர்ச்சி, பயப்பட எதுவும் இல்லை. மகள் போனிலேயே வாய்விட்டு அழுதாள். நான் உள்ளே போய் வாயாடியிடம், "ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டாங்கம்மா" என்றேன்.

"என்னது மாமா?"

"வாயில ஒரு கட்டி மாதிரி இருந்துச்சு. ஒண்ணும் இல்லையாம்."

"நல்லதாப் போச்சு. உங்க மகன்கிட்ட சொல்லிட்டீங்களா? உங்களுக்கு ஒண்ணுன்னா அவரு தாங்கமாட்டாரு" என்றாள்.

புண் ஆறியதும் அளவு எடுத்தார்கள். வாய் நிறைய மாவு மாதிரி ஒன்றை வைத்து அச்சு எடுத்தார்கள், மெழுகு வைத்துக் கடிக்கச் சொன்னார்கள். நான் ஒன்றுதான் கேட்டேன், பழைய செட் மாதிரியே அச்சு அசலாக இருக்க வேண்டும். டாக்டரம்மா தலையாட்டினார். "பல்லு வரிசை அதே மாதிரி வைக்கச் சொல்றேன். ஆனா பழசு ரொம்பத் தேஞ்சு போச்சு. அதுல கடிச்சுக் கடிச்சு உங்க முகமே குறுகியிருந்துச்சு. புதுசுல முகம் அதோட சரியான அளவுக்கு நீளும். அதைக் குறுக்கிச் செஞ்சா மறுபடி உரசும், மறுபடி சதை வளரும். அத நான் செய்யமாட்டேன்."

சரிதான். நான் மட்டும் என்ன, நிலைக்குப் பொருந்தாத கதவை யாராவது கேட்டால் செய்து கொடுத்துவிடுவேனா. 

புது செட்டை மாட்டிய அன்று மகளும் கூட வந்திருந்தாள். செட் கவ்விப் பிடித்துக்கொண்டது. ஆடவில்லை, குத்தவில்லை, பசை வேண்டியிருக்கவில்லை. டாக்டரம்மாவுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. "ராத்திரி கழட்டி வைக்கணும். உப்புத்தாள் பக்கமே போகக் கூடாது" என்றார். மகள் என்னைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பத்து வயசு குறைஞ்சுட்டப்பா" என்றாள். நான் கண்ணாடியில் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. கன்னம் நிரம்பியிருந்தது, உதடு நேராக நின்றது. எனக்குத் தெரிந்த முகம்தான். ஆனால் அதைப் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

வழியெல்லாம் பேசிப் பார்த்துக்கொண்டே வந்தேன். புதுப் பல்லில் சில எழுத்து சீட்டியடித்தது. சட்டையைச் சரிசெய்துகொண்டேன். தெருமுனையிலேயே மகளை நிற்கச் சொன்னேன். வீட்டில் துணைக்கு இருந்த எதிர்வீட்டு டீச்சர் என்னைப் பார்த்ததும் புரிந்துகொண்டு, வாயாடியைத் தனியே விட்டுவிட்டு எழுந்து போனார். வாசல் கதவு திறந்திருந்தது. அவள் கூடத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். என் சட்டையைத்தான் மடித்துக்கொண்டிருந்தாள்.

"வாயாடி" என்றேன்.

தலை நிமிர்ந்தாள். என் முகத்தில் அவள் கண் ஓடியது. நெற்றி, மூக்கு, வாய். வாயில் கொஞ்ச நேரம் நின்றது. சட்டையை மடியில் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

"யாரு வேணும் உங்களுக்கு?"

"நான்தான். வந்துட்டேன்."

"அவரு வீட்டுல இல்ல. வேலைக்குப் போயிருக்காரு."

"வாயாடி, நான்தான்டி. நல்லாப் பாரு. மாமா."

நான் ஓர் அடி எடுத்து வைத்தேன். அவள் இரண்டு அடி பின்னால் போனாள். சட்டையை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். பயந்துவிட்டாள். ஆனாலும் மரியாதையை விடவில்லை.

"என்னங்க இது, முன்ன பின்ன தெரியாதவங்ககிட்ட இப்படிப் பேசறீங்க. எங்க மாமனார் உள்ள இருக்காரு. கூப்பிடட்டுமா?" என்றவள் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள். "மாமா, கொஞ்சம் இங்க வாங்க."

உள்ளே யாரும் இல்லை. அவள் மறுபடியும் கூப்பிட்டாள். இந்த முறை குரல் அழுகைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. "மாமா, சீக்கிரம் வாங்க."

கூப்பிடுகிறாள், போகாமல் எப்படி இருப்பது. வாசலை விட்டு இறங்கினேன். கொட்டகையைச் சுற்றிக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று மேல்செட்டைக் கழற்றினேன். இறுக்கமாக இருந்தது, லேசில் வரவில்லை. கீழ்செட்டையும் கழற்றி, இரண்டையும் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, பின்கதவு வழியாக உள்ளே வந்தேன்.

என்னைப் பார்த்ததும் அவளுக்கு உயிர் வந்தது. "எங்க போயிட்டீங்க மாமா. யாரோ ஒருத்தரு வீட்டுக்குள்ளேயே வந்துட்டாரு."

"பார்த்தேன்மா. போயிட்டான்."

"திரும்ப வருவாரா?"

"வரமாட்டான்."

அவள் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள். தெரு காலியாக இருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்து, கசங்கிப்போன என் சட்டையை மடியில் விரித்துக் கையால் நீவினாள்.

"பாவம், பார்த்தா நல்ல மனுஷனாத்தான் தெரிஞ்சாரு" என்றாள்.